டீசல் ஜீப்பும் தீமானியும்: திகன மலைப்பாதைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்திப் பொறியருகே நிற்கும் அனுபவசாலி, பொறியினுள் செல்லும் காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்து நிறைவடைவதில்லை. உட்செல்லும் காற்று ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியசு வரை இருக்கும். ஆயினும் அவர் கண் வைத்திருப்பது இலையைக் கடந்து வெளியேறும் காற்றின் வெப்பநிலையின் மீதே. அது 50 பாகைக்குக் கணிசமாகக் கீழே இறங்கின் இலை உலராமல் வேகத் தொடங்கும். 57, 58 பாகையைத் தாண்டி உயரின் இலையின் மேற்புறம் காய்ந்து இறுக, உட்புறம் ஈரமாக நின்றுவிடும். உள்ளே நிகழ்வதை வெளியே வருவது கூறும் என்னும் இவ்வறிவு மலையகத்துக்குப் புதியதன்று. இதே அறிவை டீசல் எஞ்சினுக்குப் பிரயோகிக்கும் கருவியே தீமானி. எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பநிலையை ஓட்டுநரின் கண்முன் காட்டுவது அதன் தொழில். பழைய நாற்சக்கர இயக்க வாகனமொன்றில் அதனை எங்கே, எவ்வாறு பொருத்துதல் வேண்டும், அது காட்டும் எண்ணின் பொருள் யாது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

திகன, கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் ஏ26 நெடுஞ்சாலையில், 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்தை அண்டி அமைந்த ஊர். நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 438 மீற்றர். பழைய தெல்தெனிய நகரம் இந்நீரின் அடியிலேயே கிடக்கின்றது. திகனவைக் கடந்து தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரிய நோக்கிச் செல்லும் பாதை நீண்ட ஏற்றம். ஹுன்னஸ்கிரியவில் பிரிந்து லூல்வத்த, கோர்பெட்ஸ் கணவாய் வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரினுள் மீமுரேக்குச் செல்லும் பாதை ஒடுங்கியது, செங்குத்தானது. நெடுஞ்சாலையிலேயே தொடர்ந்து சென்றால் உடுதும்பரைக்கு அப்பால், ‘பதினெட்டு வளைவு’ எனப் பெயர்பெற்ற கொண்டையூசி வளைவுகள் மஹியங்கனைச் சமவெளிக்கு இறங்குகின்றன. இறங்கியவர் மீண்டும் ஏறியாக வேண்டும். இத்தகைய பாதைகளில் அரிசி மூட்டையையும் சீமெந்தையும் ஆட்களையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் ஜீப், பலருக்குப் பிழைப்பின் முதல்.

அம்முதல் பெரும்பாலும் பழையது. 2286 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சின் கொண்ட லான்ட் ரோவர், 4164 கன சென்ரிமீற்றர் ‘1எச்இசட்’ எஞ்சின் கொண்ட டொயோட்டா லான்ட் குரூசர், 2477 கன சென்ரிமீற்றர் ‘4டி56’ எஞ்சினோடு டர்போவும் கொண்ட மிட்சுபிசி பஜரோ என்பன இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வாகனத்தைக் கைவிட்டுப் புதியதை வாங்குதல் என்பது நடவாத காரியமாயிற்று. 2022 ஜூன் மாத இறுதியில் டீசல் லீற்றரொன்று 460 ரூபாவை எட்டியது. அக்காலத்தில் எஞ்சின் ஒன்று உருகிப் போவதென்பது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் உருகிப் போவதற்கு ஒப்பாகும். எனவே தீமானியை ஆடம்பரப் பொருளாகவோ பந்தய ஓட்டுநரின் அலங்காரமாகவோ கருதுவது பொருந்தாது.

முகப்புப் பலகையில் ஏற்கெனவே ஒரு வெப்பமானி இருக்கின்றதே, மற்றொன்று எதற்கு என்னும் வினா எழும். நியாயமான வினாவே. அந்த வெப்பமானி அளப்பது எஞ்சினைச் சூழ்ந்தோடும் குளிர்நீரின் வெப்பநிலையை. அந்நீரை 80 பாகைக்குச் சற்று மேற்பட்ட ஒரு நிலையில் வைத்திருக்கும்படி வெப்பநிறுத்தி என்னும் வால்வு அமைக்கப்பட்டிருக்கின்றது. உருளைகளுள் வெப்பம் இருமடங்கானாலும், நூற்றுக்கணக்கான கிலோகிராம் வார்ப்பிரும்பும் பல லீற்றர் நீரும் சூடேறி முள்ளை அசைக்கச் சில நிமிடங்கள் கழியும். வெளியேறு வாயுவோ அக்சிலேற்றர் மிதியை அழுத்திய சில வினாடிகளிலேயே மாற்றத்தைக் காட்டும். இன்னொன்றும் உண்டு. குழாய் வெடித்து நீர் முழுவதும் வெளியேறிவிட்டால், நீர்வெப்பமானியின் உணரி வெறுங்காற்றில் தொங்கி, எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும் வேளையில் குறைந்த வெப்பத்தையே காட்டக்கூடும்.

வெளியேறு வாயுவின் வெப்பநிலை எதனைக் குறிக்கின்றது என்பதைப் பருமட்டான ஒரு கணிப்பால் விளக்கலாம். ஒரு கிலோகிராம் டீசல் எரியும்போது ஏறத்தாழ 43 மெகாயூல் வெப்பம் வெளிப்படுகின்றது. இதில் மூன்றிலொரு பங்கு சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகவும், மூன்றிலொரு பங்கு குளிர்நீர், எண்ணெய், எஞ்சினின் உடல் ஆகியவற்றின் வழியாகவும், எஞ்சிய மூன்றிலொரு பங்கு வெளியேறு வாயுவோடும் போகின்றன எனக் கொள்வோம். வாயு கொண்டுசெல்லும் பங்கு ஏறத்தாழ 14,000 கிலோயூல். ஒரு கிலோ டீசலுக்கு 25 கிலோ காற்று உட்சென்றிருப்பின் வெளியேறும் வாயு 26 கிலோ. அதில் ஒரு கிலோவை ஒரு பாகையால் சூடாக்க 1.1 கிலோயூல் அளவு வெப்பம் வேண்டும். 14,000ஐ 26இனதும் 1.1இனதும் பெருக்கத்தால் வகுத்தால் 490 கிடைக்கும். வெளிக்காற்றின் 30 பாகையைக் கூட்ட, வாயுவின் வெப்பநிலை ஏறத்தாழ 520 பாகை. இதே கணிப்பை ஒரு கிலோ டீசலுக்கு 50 கிலோ காற்று என வைத்துச் செய்தால் 280 பாகையும், 18 கிலோ காற்று என வைத்துச் செய்தால் 700 பாகையும் வருகின்றன. மட்டமான பாதையில் இலேசாக ஓடும் வாகனம், சுமையோடு ஏறும் வாகனம், கறும்புகை கக்கியபடி திணறி ஏறும் வாகனம் ஆகிய மூன்றிலும் தீமானிகள் காட்டும் எண்கள் இவற்றுக்கு அணித்தாகவே இருப்பது வியப்பன்று. தீமானி உண்மையில் காட்டுவது, காற்றுக்கும் டீசலுக்கும் இடையிலான விகிதத்தையே.

இவ்விடத்தில் நம்மிடையே பரவலாக வழங்கும் ஒரு கருத்தைத் திருத்த வேண்டியுள்ளது. ‘எண்ணெய் குறைந்தால் எஞ்சின் சூடேறும்; எண்ணெயைக் கூட்டினால் குளிரும்’ என்பர். பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு வரம்பினுள் இது உண்மை. பெற்றோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் ஏறத்தாழ 14.7க்கு 1 என்னும் விகிதத்தை ஒட்டியே எடுத்துக்கொள்கின்றது. முழுச் சுமையில் மேலதிகமாகச் சேரும் பெற்றோல் எரிவதற்கு ஒட்சிசன் இன்றி ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். டீசல் எஞ்சினின் இயல்பு வேறு. சாதாரண டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கும் கதவு இல்லை. ஒவ்வோர் அடிப்பிலும் உருளை கொள்ளும் காற்று முழுவதும் உட்புகுகின்றது. மிதியை அழுத்தும்போது கூடுவது டீசல் மட்டுமே. எக்காலமும் காற்று மிகுதியாக உள்ள நிலையில் தொழிற்படுவதால், சேர்க்கும் ஒவ்வொரு துளி டீசலும் எரியும். எரியும் ஒவ்வொரு துளியும் சூட்டைக் கூட்டும். டீசல் பம்பியின் திருகை அரைச்சுற்று திருப்பி ‘இழுவையைக் கூட்டித் தரும்’ வழக்கம் பல கராஜ்களில் உண்டு. இழுவை கூடுவது மெய்யே. பெற்றோல் அனுபவத்தை நம்பி, அதனால் எஞ்சின் குளிர்ச்சியாகவும் ஓடும் என்று வாடிக்கையாளருக்குக் கூறுவதே ஆபத்தானது. டர்போ இல்லாத எஞ்சினுக்குப் பிற்காலத்தில் டர்போ பொருத்தி, அதற்கேற்பப் பம்பியையும் திருகிவிட்ட வாகனங்களில் தீமானி இன்றி மலையேறுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறுவதே.

700 பாகை என்னும் எண்ணைக் கேட்டவுடன் ஓர் ஐயம் தோன்றும். அலுமினியம் 660 பாகையில் உருகுகின்றது. முசலம், அதாவது பிஸ்டன், சிலிக்கன் கலந்த அலுமினியத்தாலானது. அக்கலப்புலோகம் அதனிலும் குறைந்த வெப்பநிலையிலேயே உருகத் தொடங்கும். அவ்வாறாயின் முசலம் எவ்வாறு தப்புகின்றது? எரியும் கணத்தில் உருளையினுள் வாயுவின் வெப்பநிலை 2000 பாகையையும் தாண்டுகின்றது என்பதை நினைவிற் கொண்டால் ஐயம் மேலும் வலுக்கும். அத்தீ இருப்பது கணப்பொழுதே. அதனையடுத்துக் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகின்றது. முசலம் பெற்ற வெப்பம் வளையங்கள் வழியாக உருளைச் சுவருக்கும், அடிப்புறத்தில் தெறிக்கும் எண்ணெய்க்கும் இடைவிடாது கடத்தப்படுகின்றது. ஆகவே முசலத்தின் மேற்பரப்பு சராசரியில் 300 பாகையை அண்டிய நிலையிலேயே நிற்கின்றது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை கேடில்லை. வெளியேறு வாயு நீண்டநேரம் மிகுந்த சூட்டில் நின்றால் வரவு மிஞ்சுகின்றது. முதலில் முசலத்தின் விளிம்பு வலிமை குன்றும். பின்னர் வளையப் பள்ளம் சிதையும். இறுதியில் துளை விழும். உருளைத் தலையில் வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பகுதி வெடிப்பதும் இதே காரணத்தால் நிகழக்கூடும். பழைய எஞ்சின்களுக்கு, டர்போவுக்கு முன்னால் அளக்கப்படும் வெப்பநிலை தொடர்ச்சியாக 650 பாகைக்குள் இருத்தல் நன்று, 700 பாகையைத் தாண்டவிடுதல் தகாது என்பது பொதுவாகக் கைக்கொள்ளத்தக்க எல்லை. எஞ்சினைச் செய்தோர் வேறு எண் கொடுத்திருப்பின் அதுவே மேலானது.

உயரமும் கணக்கிலெடுக்க வேண்டியதே. திகனவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்திலுள்ளதை விட ஏறத்தாழ இருபதிலொரு பங்கு குறைவு. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆறிலொரு பங்கு குறைவு. பழைய பம்பிகளுள் பல இதனை அறியா. கொழும்பில் ஊற்றிய அதே அளவு டீசலை நுவரெலியாவிலும் ஊற்றும். காற்று குறைய, விகிதம் மாற, தீமானி ஏறும்.

இனிக் கருவியின் அமைப்பைப் பார்ப்போம். பெருஞ்சூட்டை அளத்தல் பழைய பிரச்சினை. ஆங்கிலேய மட்பாண்டத் தொழிலதிபரான யோசையா வெட்ஜ்வுட், சூளையுள் வைத்த களிமண் துண்டு எவ்வளவு சுருங்குகின்றது என்பதைக் கொண்டு வெப்பத்தை மதிப்பிடும் முறையொன்றை 1782ஆம் ஆண்டு வெளியிட்டார். நமது குயவர் தீயின் நிறத்தைப் பார்த்தே இதனைச் செய்துவந்தனர். வாகனத்துக்கு இவை உதவா. உதவுவது 1821ஆம் ஆண்டு சீபெக் கண்டறிந்த விளைவு. இருவேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து, அம்முனையைச் சூடாக்கி, மறுமுனைகளைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் அம்மறுமுனைகளுக்கிடையே சிறிய மின்னழுத்தம் தோன்றும். இவ்விணைப்பே வெப்பவிணை. வாகனத் தீமானிகளில் பெரும்பாலும் பயன்படுவது ‘கே’ வகை வெப்பவிணை. இதில் ஒரு கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்த குரோமல். மற்றது நிக்கலோடு சிறிதளவு அலுமினியம் முதலியன கலந்த அலுமல். பாகையொன்றுக்கு ஏறத்தாழ 41 மைக்குரோவோல்ற்று என்னும் அளவில் மின்னழுத்தம் பிறக்கின்றது. 700 பாகையில் அது 29 மில்லிவோல்ற்று மாத்திரமே. டோர்ச் மின்கலமொன்றின் 1500 மில்லிவோல்ற்றோடு ஒப்பிட்டால் இதன் சிறுமை விளங்கும்.

இச்சிறுமையினாலேயே கம்பி விடயத்தில் பலர் ஏமாறுகின்றனர். வெப்பவிணை அறிவது முனையின் வெப்பநிலையையன்று. முனைக்கும் மறுகோடிக்கும் இடையிலான வேறுபாட்டையே. கருவி தான் இருக்குமிடத்தின் வெப்பநிலையை அறிந்து அதனைக் கூட்டிக்கொள்கின்றது. ஆகவே முனையிலிருந்து கருவிவரை அதே இரு உலோகங்களாலான, அல்லது அவற்றுக்கு ஈடான நீட்சிக் கம்பியே செல்லுதல் வேண்டும். கம்பி போதவில்லை என்று எஞ்சின் அறையினுள் சாதாரணச் செப்புக் கம்பியை முடிந்து நீட்டினால் நிகழ்வதைக் காண்போம். முடிச்சு இருக்குமிடம் 80 பாகை, கருவி இருக்குமிடம் 35 பாகை எனின், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 45 பாகை கணக்கிலிருந்து மறைந்துவிடும். உண்மையில் 700 பாகை இருக்கையில் முள் 655ஐக் காட்டும். சரியான நீட்சிக் கம்பியையே இரு கோடியிலும் இடம்மாற்றி இணைத்துவிட்டாலோ பிழை இருமடங்காகி, முள் 610ஐக் காட்டும். முள் ஒழுங்காக ஏறி இறங்குவதால் பிழை ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. இரு பிழைகளும் ‘பாதுகாப்பாக இருக்கின்றாய்’ என்று பொய் கூறும் பக்கத்திலேயே விழுகின்றன என்பதைக் கவனிக்க. கம்பி உறைகளின் நிறங்களை மட்டும் நம்புவதும் தகாது. அமெரிக்க நியமத்தில் மஞ்சள் நேர், சிவப்பு மறை. சர்வதேச நியமத்தில் பச்சை நேர், வெள்ளை மறை. சாதாரண மின்வேலையில் சிவப்பை நேர் எனப் பழகிய கை, மஞ்சளும் சிவப்பும் வந்தால் தவறிழைப்பது இயல்பே. இதற்கு எளிய ஒரு சோதனை உண்டு: அலுமல் கம்பி காந்தத்தால் சிறிது கவரப்படும், குரோமல் கவரப்படாது. கவரப்படுவது மறை.

அடுத்து, முனையை எங்கே வைப்பது என்பது. தீமானி பொருத்துவதில் அறிவு தேவைப்படுவது பெரும்பாலும் இங்கேதான், எஞ்சியது கைவேலை. நான்கு அல்லது ஆறு உருளைகளிலிருந்து வரும் வாயுவை ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்புக் குழாய்த்தொகுதியை நம் திருத்துநர் மெனிபோல்ட் என்பர். டர்போ உள்ள எஞ்சினில் அதன் கோடியில் டர்போச் சுழலி அமைந்திருக்கும். முனையைச் சுழலிக்கு முன்னால் மெனிபோல்டிலும் வைக்கலாம்; சுழலியைக் கடந்தபின் கீழ்நோக்கிச் செல்லும் குழாயிலும் வைக்கலாம். பின்னால் வைப்பது எளிது. குழாயைக் கழற்றித் துளையிட்டு ஒரு சுரையைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. ஆயினும் வாயு தன் வெப்பத்தின் ஒரு பகுதியைச் சுழலியைச் சுற்றும் வேலைக்குக் கொடுத்துவிட்டே அங்கு வருகின்றது. முழுச் சுமையில் இவ்விழப்பு 100 முதல் 200 பாகை வரை இருக்கலாம். இலேசான சுமையில் மிகக் குறைவு. ‘பின்னால் காட்டுவதோடு 150ஐக் கூட்டிக்கொள்’ என்னும் வாய்ப்பாடு இதனாலேயே நம்பத்தக்கதன்று. ஆபத்து மிகும் வேளையிலேயே வேறுபாடும் மிகுகின்றது, அதுவும் நிலையான அளவில் அன்று. முசலம் காண்பதற்கு அணித்தான வாயுவை அளக்க வேண்டுமாயின் முன்னாலேயே வைத்தல் வேண்டும்.

முன்னால் வைப்பதற்கு எதிராகக் கூறப்படும் வாதம், முனை முறிந்து சுழலியின் இலைகளில் மோதிவிடும் என்பது. மலிவான, உறையற்ற முனைகளுக்கு இது பொருந்தும். இன்கொனல் அல்லது தரமான துருவுறா உருக்கினாலான உறைக்குள் மூடப்பட்ட முனை நீண்டகாலம் தாங்கும். முனை வாங்குவதில் மீதப்படுத்தும் பணம் டர்போவில் செலவாகலாம்.

மெனிபோல்டிலும் எல்லா இடமும் ஒன்றன்று. ஒரு கிளைக்குழாயில் வைத்தால் ஓர் உருளையின் செய்தி மட்டுமே கிடைக்கும். அதன் நொசில் அடைபட்டு அவ்வுருளை குளிர்ந்திருந்தால் ஏனைய மூன்றும் எரிவதை முள் கூறாது. எல்லாக் கிளைகளும் கூடுமிடமே தகுந்தது. சில டர்போ மெனிபோல்ட்களில் வாயு இரு பிரிவுகளாகவே சுழலிவரை செல்லும். அங்கு ஒரு பிரிவைத் தெரிவு செய்வதன்றி வழியில்லை. அப்பிரிவு எவ்வுருளைகளுக்குரியது என்பதை எழுதி வைத்தல் நன்று. முனையின் நுனி வாயுவோட்டத்தின் நடுவே நிற்றல் வேண்டும். சுவரையொட்டி நின்றால், தண்டின் வழியே வெப்பம் குளிர்ந்த சுவருக்குக் கடத்தப்பட்டு எண் குறையும். தண்டின் விட்டத்தைப் போல் பத்து மடங்கு நீளம் வாயுவினுள் மூழ்கியிருத்தல் வேண்டும் என்பது ஆய்வுகூட விதி. ஜீப்பின் ஒடுங்கிய மெனிபோல்டில் 6 மில்லிமீற்றர்த் தண்டுக்கு இது இயலாது. 3 மில்லிமீற்றர்த் தண்டாயின் விதியை ஏறத்தாழ நிறைவேற்றலாம். அது மாற்றத்தையும் விரைந்து காட்டும். ஆயுள் குறைவு என்பதே அதற்குக் கொடுக்கும் விலை.

துளையிடும் வேலைக்கு மெனிபோல்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்பது எமது கருத்து. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வரும் வாயுவே இரும்புத்தூளை வெளியே தள்ளிவிடும் என்று கூறி, கழற்றாமலே துளையிடுவோர் உளர். துரப்பணம் சுவரைக் கடக்கும் இறுதிக் கணத்தில் உடையும் துண்டு உள்ளே விழாதென்பதற்கு எவர் உறுதி கூறுவார்? உள்ளே விழுந்தால் அதன் அடுத்த தரிப்பிடம் சுழலி. முப்பதாண்டுச் சூட்டில் துருவேறிய ஆணிகளைக் கழற்றும்போது முறிவது உண்மை. முதல்நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்தலும், எஞ்சின் இளஞ்சூடாக இருக்கையில் முன்னும் பின்னும் அசைத்து எடுத்தலும் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றும். மெனிபோல்ட் வெளியே வந்தபின், கூடுமிடத்தில் சுவர் தடித்த பகுதியைத் தெரிந்து, எட்டிலொரு அங்குலக் குழாய்ப் புரிக்கு 8.5 மில்லிமீற்றர்த் துளையிட்டு, சாய்புரி வெட்டியால் புரி வெட்டலாம். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டியதில்லை, விரைவும் வேண்டியதில்லை. இப்புரி சாய்வானது என்பதால் அளவுக்கு மீறி வெட்டினால் பொருத்தி இறுகாமல் உள்ளே போய்விடும். சில சுற்றுக்கொருமுறை நிறுத்திப் பொருத்திப் பார்த்தல் நன்று. மீளப் பூட்டும்போது புரிக்குச் சூடு தாங்கும் பசையும், மெனிபோல்டுக்குப் புதிய இடைத்தகடும் வேண்டும்.

கம்பியை மெனிபோல்டிலிருந்து விலக்கி, சூடு தாங்கும் உறையிட்டு, மின்பிறப்பாக்கியின் தடித்த கம்பிகளுக்கு அருகே செல்லாமல் கொண்டுபோய், தடுப்புத் தகட்டில் இறப்பர் வளையத்தின் ஊடாக உள்ளே எடுத்தல் வேண்டும். மிகுதிக் கம்பியை வெட்டலாமா என்பது கருவியைப் பொறுத்தது. முள் கொண்ட பழைய கருவிகளுள் சில, குறிப்பிட்ட நீளக் கம்பியின் தடைக்கேற்பவே அளவிடப்பட்டவை. அவற்றின் கம்பியைச் சுருட்டி வைப்பதே முறை. கருவியை ஓட்டுநர் வளைவில் சுக்கான் திருப்பும்போதும் கண்ணைப் பாதையிலிருந்து அதிகம் எடுக்காமல் பார்க்கக்கூடிய உயரத்தில் வைத்தல் வேண்டும்.

பூட்டுவதற்கு முன் முனையைச் சோதித்தல் அவசியம். இது திகனவில் எவர் வீட்டிலும் செய்யக்கூடியது. கொதிநீரில் நுனியை அமிழ்த்தினால் முள் 100ஐக் காட்ட வேண்டும் என எதிர்பார்ப்பது பாடநூல் வழக்கம். முந்நூறு மீற்றர் ஏற ஏறத்தாழ ஒரு பாகை வீதம் கொதிநிலை குறைவதால், திகனவில் நீர் கொதிப்பது 98½ பாகை அளவிலேயே. இந்த ஒன்றரைப் பாகை நமது நோக்கத்துக்குப் பொருட்டன்று. நமக்கு வேண்டிய 700 பாகைக்கும் கொதிநீருக்கும் இடையிலுள்ள தூரம் பெரிதென்பதே பொருட்டு. பல கருவிகள் 100 பாகைக்குக் கீழே எதனையும் காட்டா. ஆகவே இன்னும் மேலே ஒரு புள்ளி தேவை. தூய வெள்ளீயம் 232 பாகையிலும், நாகம் 419½ பாகையிலும் உறைகின்றன. இரும்புக் கிண்ணமொன்றில் வெள்ளீயத்தை உருக்கி, முனையை அதில் நிறுத்தி, அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டால் முள் படிப்படியாக இறங்கிவந்து ஓரிடத்தில் சிறிது நேரம் அசையாமல் நிற்கும். உலோகம் முழுவதும் உறைந்த பின்னரே மீண்டும் இறங்கும். நின்ற இடம் 232க்கு அருகே இருப்பின் கருவியும் முனையும் சரி. செப்புக் கம்பி நீட்சியால் வரும் பிழை எஞ்சின் அறை சூடானபோதே தோன்றும் என்பதால் அதனை இச்சோதனை காட்டிக்கொடாது. அதற்குக் கம்பியைக் கண்ணால் பார்த்துச் செல்வதே வழி. காரீயத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் புகை நஞ்சு.

பொருத்திய பின் முதற் சில வாரங்களை முள்ளைப் படிப்பதற்கே ஒதுக்கலாம். எஞ்சின் சும்மா ஓடும்போது 100 முதல் 200 பாகைவரை, மட்டமான பாதையில் 300, 400 என்னும் அளவுகளில் முள் நிற்கும். தெல்தெனியவைக் கடந்து ஏறத் தொடங்கியதும் அது உயரும். நான்காம் கியரில் மிதியை முழுவதும் அழுத்தித் திணறி ஏறுகையில் 650ஐ நெருங்கும் முள், மூன்றாம் கியருக்கு மாற்றி மிதியைச் சிறிது தளர்த்தியதும் பத்துப் பதினைந்து வினாடிகளில் நூறு பாகையளவு இறங்குவதைக் காணலாம். வேகத்தில் பெரிய இழப்பும் இருக்காது. கீழ்க்கியரில் எஞ்சின் விரைந்து சுழல்வதால் அதே நேரத்தில் உட்புகும் காற்று மிகுகின்றது. ஒவ்வோர் அடிப்புக்கும் வேண்டிய டீசல் குறைகின்றது. கியரைக் குறைத்தால் எஞ்சின் ‘அலறும்’, அதனால் கேடு வரும் என்று அஞ்சி உயர்கியரிலேயே இழுத்துச் செல்லும் பழக்கம் நம் ஓட்டுநரிடையே வேரூன்றியது. காதுக்கு இனிமையானது எஞ்சினுக்கு இனிமையானதன்று என்பதை முள் நேரே காட்டிவிடுகின்றது.

அதே ஏற்றம், அதே கியர், அதே சுமை என்னும் நிலையில் சென்ற மாதம் 560 காட்டிய முள் இம்மாதம் 620 காட்டுமாயின் எங்கோ காற்று குறைந்திருக்கின்றது, அல்லது டீசல் தவறான வேளையில் எரிகின்றது. மீமுரேப் பாதையின் புழுதியால் அடைபட்ட காற்று வடிகட்டியை முதலில் பார்க்க வேண்டும். டர்போவிலிருந்து செல்லும் இறப்பர்க் குழாயில் வெடிப்புண்டா என்பது அடுத்தது. அதன்பின் ஒழுகும் நொசில், பிந்திய உட்செலுத்தல் என ஆராயலாம். பிந்தி உட்செலுத்தப்படும் டீசல், முசலம் கீழிறங்கிக்கொண்டிருக்கும்போதும் எரிந்துகொண்டே இருப்பதால், வேலையாக வேண்டிய வெப்பம் வாயுவோடு வெளியேறுகின்றது.

முந்தி உட்செலுத்தினால் இதன் மறுதலை நிகழும். வாயு குளிரும், முள் இறங்கும், ஆனால் உருளையினுள் உச்ச அமுக்கம் உயர்ந்து முசலத்தையும் தாங்கிகளையும் இடைத்தகட்டையும் தாக்கும். பம்பியின் நேரத்தை முன்தள்ளி ‘தீமானியைக் குறைத்துக் கொடுத்த’ வேலையைக் கண்டு மகிழ்தல் ஆகாது. அவ்வாறே நீர் இல்லாமை, எண்ணெய் அமுக்கம் வீழ்தல், ஒற்றை உருளையின் பழுது என்பவற்றையும் தீமானி அறியாது. ஏனைய மானிகளின் பணியை அது எடுத்துக்கொள்வதில்லை.

ஏற்றத்தின் முடிவில் ஹுன்னஸ்கிரியக் கடைத்தெருவில் தேநீருக்காக நிறுத்தும் டர்போ வாகனத்துக்கு ஒரு சொல். ஏறிவந்த சூட்டோடு திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைத்தால், சுழலியின் தாங்கியில் எண்ணெயோட்டம் நின்று, அங்கு தங்கிய எண்ணெய் கருகிக் காபனாகப் படியும். எத்தனை நிமிடம் பொறுப்பது என்பதற்குப் பலர் பல எண் கூறுவர். தீமானி உள்ளவருக்கு நிமிடக் கணக்கு வேண்டியதில்லை. முள் 200 பாகைக்குக் கீழே இறங்கியதும் அணைக்கலாம். இறுதி அரைக் கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி வந்திருந்தால், வண்டி நிற்கும்போதே அது பெரும்பாலும் இறங்கியிருக்கும்.